ஆப்கன் பெண்களும் தலைமைப் பயிற்சியும்

ஆப்கானிஸ்தானத்தில் 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி தாலிபான்கள் காபூல் நகரத்தைக் கைப்பற்றியது முதல், அத்தேசத்தை விட்டு வெளியேறி ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளில் போய்த் தங்கியிருக்கும் பெண்களில், பெண்களுக்குச் சமத்துவம் வேண்டுமென்று பாடுபடுகின்றவர்களுக்குத் "தலைமைப் பயிற்சி" அளிப்பது என்பதாக ஒரு காரியம் மேல்நாடுகளில் வெகு மும்முரமாக நடைபெற்று வருகின்றது. சர்வகலாசாலைகளும், தர்ம ஸ்தாபனங்களும், சர்க்கார் இலாகாக்களும் இதற்குப் பணம் ஒதுக்குகின்றன. சபையில் எழுந்து பேசுவது எப்படி, பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லுவது எப்படி, பார்லிமெண்டு மெம்பர்களைக் கண்டு காரியம் சாதிப்பது எப்படி, ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுச் செய்துகொள்ளுவது எப்படி, சங்கம் நடத்துவது எப்படி என்பவைகளெல்லாம் இவ்வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன. முடிவில் ஒரு அத்தாட்சிப் பத்திரமும் ஒரு போட்டோவும் உண்டு.

பயிற்சி என்பது கெட்ட காரியம் என்று நாம் சொல்ல வரவில்லை. படிப்பையும் பழக்கத்தையும் வேண்டாமென்று சொல்லுவதற்குத் தாலிபான்கள் இருக்கின்றார்கள், நாம் எதற்கு? ஆனால் இக்காரியம் எந்த எண்ணத்தின் மேல் செய்யப்படுகின்றது என்பதைச் சற்று உற்று நோக்க வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம். ஏனெனில், "பயிற்சி" என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்து கொண்டிருக்கின்றது. யாருக்குப் பயிற்சி வேண்டுமென்று சொல்லப்படுகின்றதோ, அவர் இன்னும் அந்தக் காரியத்திற்கு லாயக்காகவில்லை என்பதே அத்தீர்ப்பு. லாயக்காகாதவருக்கு நாற்காலி எதற்கு, பெஞ்சி போதுமே என்பது அதற்கு அடுத்தபடியாக வந்து சேரும் முடிவு.

சரி, இந்தப் பெஞ்சியில் உட்கார வைக்கப்பட்டிருக்கின்றவர்கள் யார் என்று பார்ப்போம். 2004-ம் வருஷத்திய ஆப்கன் அரசியல் சட்டத்தின்படி பார்லிமெண்டின் கீழ்ச் சபையில் 249 ஸ்தானங்களில் 68 ஸ்தானங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஸ்தானங்களில் இருந்து சட்டம் செய்தவர்கள் இவர்கள். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் ஜட்ஜுகளாக இருந்து, கொலைகாரனுக்கும், பெண்டாட்டியைச் சித்திரவதை செய்தவனுக்கும் தண்டனை விதித்தவர்கள். (2021-ல் தாலிபான்கள் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டபொழுது, அந்தக் கைதிகளே தங்களுக்குத் தண்டனை விதித்த அம்மாள்களைத் தேடிக் கொண்டு கிளம்பினார்கள்.) ஹபீபா சராபி அம்மாள் 2005-ல் பாமியான் மாகாணத்திற்குக் கவர்னராக வந்தவர், அத்தேசத்தின் முதல் பெண் கவர்னர். ஜரீபா கபாரி அம்மாள் மைதான் ஷஹர் நகரத்தில் முனிசிபல் தலைமை வகித்தவர். பவுசியா கூபி அம்மாள் பார்லிமெண்டின் உபதலைவர்களில் ஒருவராக இருந்தவர். 2020 ஆகஸ்டில் காபூலுக்குப் பக்கத்தில் இவரைச் சுட்டார்கள். அடுத்த மாதம் கையில் அந்தக் காயத்துடனேயே தோஹா நகரத்திற்குப் போய்த் தாலிபான்களுக்கு எதிரில் உட்கார்ந்து பேசினார். அன்று சர்க்கார் தரப்பில் போன 21 பேரில் பெண்கள் நான்கு பேர். தாலிபான் தரப்பில் ஒரு பெண்கூட இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான், சபையில் கூச்சமில்லாமல் பேசுவது எப்படி என்று ஒரு உபாத்தியாயர் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கப் போகின்றாராம்!

இனி, மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பற்றிப் பேசுவோம். அவர்களுக்கு ராஜ்யம் நடத்துவதில் என்ன பயிற்சி இருக்கின்றது என்று உலகத்தில் எந்தச் சர்க்காராவது கேட்டதுண்டா? அவர்களில் ஒருவரான ஷேர் முகம்மது அப்பாஸ் ஸ்தானிக்ஸாய் என்பவர் 1982-ம் வருஷத்தில் நமது நாட்டு டேராடூன் ராணுவப் பள்ளியில் பயின்றவர். ஆனால் அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து அவருக்கு நாற்காலி போட்டார்களென்று யாரும் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் துப்பாக்கி இருந்ததால் போட்டார்கள். (அவரேகூட 2025 ஜனவரியில், பெண்களுக்குப் படிப்பை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லையென்று பகிரங்கமாகப் பேசிவிட்டு, பிறகு தேசத்தை விட்டே வெளியே போக நேர்ந்ததாகச் செய்தி வந்தது. அவர்கள் கூட்டத்தில் நியாயம் பேசுவதற்கு அதுதான் கூலி.) 2020-ம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி அமெரிக்கா தாலிபான்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால், அதில் பெண்களின் உரிமை என்ற பேச்சே இல்லாதது தெரியவரும். அந்த ஒப்பந்தத்தை எழுதினவர்கள் எல்லாம் நல்ல பயிற்சி பெற்றவர்கள்தான்.

அதோடாவது நின்றதா? 2024-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதியும் ஜூலை 1-ந் தேதியும் அதே தோஹா நகரத்தில் ஐக்கிய நாடுகள் சபை ஆப்கானிஸ்தானத்தைப் பற்றி ஒரு கூட்டம் கூட்டிற்று. பிப்ரவரியில் கூட்டிய கூட்டத்திற்குத் தாலிபான்கள் வர மறுத்துவிட்டார்கள். ஆகவே, இந்தத் தடவை அவர்கள் மனம் கோணாமல் வரவேண்டுமென்று ஆப்கன் பெண்களில் ஒருவரையும் மேஜைக்கு அழைக்கவில்லை. பேசின விஷயம் வியாபாரமும், பாங்கியும், போதை வஸ்து ஒழிப்பும். பெண்களைப் பற்றிய சங்கதி நிகழ்ச்சி நிரலில் இல்லை. அவர்கள் போன பிறகு, ஜூலை 2-ந் தேதி, சில ஆப்கன் பெண்களைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். பெரிய மனிதர்கள் சாப்பிட்டு எழுந்த பின் வேலைக்காரிக்குக் கொல்லைப்புறத்தில் இலை போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். இதிலும் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர் ஐக்கிய நாடுகள் சபையின் பெரிய உத்தியோகஸ்தரான ஒரு பெண்மணியே. சமாதானப் பேச்சு நடக்கும் இடங்களிலெல்லாம் பெண்களுக்குச் சமபங்கு வேண்டுமென்று அதே ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2000-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 1325-ம் நம்பர் தீர்மானம் செய்து வைத்திருக்கின்றது. அதைச் சொல்லிக் கொடுக்காத தலைமை வகுப்பே இல்லையெனலாம். பாடத்தில் 1325; கூட்டத்தில் பூஜ்யம்!

நிற்க, வேறு சிலர் வேறு விதமாகப் பேசுகின்றார்கள். "ஊரை விட்டு ஓடிப்போய் அன்னிய நாட்டில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கின்றவர்களுக்கு உள்ளே இருக்கின்ற பெண்களுக்காகப் பேச என்ன யோக்கியதை? இவர்களுக்குத் தலைமை எதற்கு?" என்கின்றார்கள். தாலிபான்கள் இதைச் சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. மேல்நாட்டுப் பேராசிரியர்களும் இதையே சொல்லுவதால் பதில் சொல்ல வேண்டியிருக்கின்றது.

ஆப்கானிஸ்தானத்தில் பெண் கல்விக்கு அஸ்திவாரம் போட்டது யார்? அமீர் அமானுல்லாவின் மனைவியான சொரையா ராணி. அவர் எங்கே பிறந்தார்? காபூலிலா? இல்லை. அவருடைய தகப்பனார் மகமூத் தார்ஸியின் குடும்பம் தேசப் பிரஷ்டம் செய்யப்பட்டிருந்தது. ஆதலால் சொரையா 1899-ல் சிரியாவில் டமாஸ்கஸ் நகரத்தில் பிறந்தார். வெளியே பிறந்த அந்தப் பெண் ஊர் திரும்பி ராணியான பிறகுதான் 1921-ல் காபூலில் பெண்களுக்கு முதல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பெண்களுக்கென்று ஒரு பத்திரிகையும் நடந்தது. 1928-ல் சில பெண்கள் துருக்கிக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். உடனே முல்லாக்கள் கிளப்பிவிட்ட கலகத்தில் 1929-ல் அமீர் முடி இழந்தார். படிக்கப் போன பெண்கள் திருப்பி அழைக்கப்பட்டார்கள். சொரையா மறுபடியும் அகதியானார். 1968-ல் ரோமாபுரியில் இறக்கும் வரை கிட்டத்தட்ட நாற்பது வருஷகாலம் அவர் வெளிநாட்டிலேயே இருந்தார். ஆனால் அவர் ஆரம்பித்த காரியம் அவரோடு அகதியாகவில்லை. 1965-ம் வருஷத் தேர்தலில் நான்கு பெண்கள் ஓட்டுப் பெற்றுப் பார்லிமெண்டுக்குப் போனார்கள். அதே வருஷத்தில் குப்ரா நூர்ஸாய் என்ற அம்மாள் சுகாதார மந்திரியானார். ஆகவே, வெளியே இருக்கின்றவளுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கின்றவர்கள், அந்தத் தேசத்துப் பெண் விடுதலை வெளியே பிறந்து உள்ளே போனது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குப் பின் வந்தவர்களைப் பார்த்தாலும் அப்படியே. மீனா என்ற பெண் 1977-ல், மாணவியாக இருக்கும்பொழுதே, ஆப்கன் பெண்களின் புரட்சிகர சங்கத்தை ஏற்படுத்தினார். பாகிஸ்தானத்தில் அகதிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்; பத்திரிகை நடத்தினார்; 1987-ல் குவெட்டா நகரத்தில் கொலை செய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுதான். டாக்டர் சீமா சமர் அம்மாள் 1984-ல் தேசத்தை விட்டு வெளியேறி, அதே குவெட்டாவில் அகதிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தி, 2001-ன் கடைசியில் பெண்கள் இலாகா மந்திரியாகக் காபூலுக்குத் திரும்பினார். மத நிந்தனை செய்தாரென்று சில மாதங்களில் அவரை அந்தப் பதவியிலிருந்து விரட்டினார்கள். அவர் மனித உரிமைக் கமிஷனுக்குத் தலைவராகி 2019 வரையில் அதை நடத்தினார். இவர்களில் யார் எந்த வகுப்பில் தலைமைப் பயிற்சி பெற்றார்கள்? அகதி முகாமில் கிழிந்த கூடாரத்துக்குள் பெஞ்சியில்லாமல் பாடம் சொன்னார்களே, அதுதான் அவர்களுடைய பயிற்சி.

பயிற்சி என்ற பெயரால் பணம் எப்படிப் போகும் என்பதற்கும் ஆப்கானிஸ்தானத்திலேயே அத்தாட்சி இருக்கின்றது. அமெரிக்க சர்க்கார் 2014-ல் "புரொமோட்" என்று பெயர் வைத்து ஒரு பெரிய ஏற்பாட்டைத் துவக்கிற்று. இருபத்தெட்டுக் கோடி டாலர் வரையில் செலவு செய்து, 75,000 ஆப்கன் பெண்களைத் தலைவிகளாகவும் உத்தியோகஸ்தர்களாகவும் ஆக்கிவிடுவதாகச் சொன்னார்கள். உலகத்திலேயே பெண்களுக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளில் இதுவே பெரியது என்று தமுக்கடித்தார்கள். 2018-ல் அமெரிக்க சர்க்காருடைய கணக்குப் பரிசோதகரே அதைச் சோதித்துப் பார்த்தார். மூன்று வருஷத்தில் சுமார் 9 கோடி டாலர் செலவாகியிருந்தது. ஆனால் அதனால் பெண்களுக்கு உண்டான பலன் என்ன என்பதை நிர்ணயம் செய்து காட்ட முடியவில்லை என்று அவர் எழுதி வைத்தார். பணமெல்லாம் எங்கே போயிற்று? கண்டிராக்டர்களுக்குப் போயிற்று. வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தலை எண்ணினார்களே தவிர, அதனால் அவர்களுக்கு உண்டான பலனைச் சரியாக அளந்து காட்டவில்லை. நெல்லை அளக்காமல் சாக்கை எண்ணுகின்ற கணக்கு இது. அந்தக் கணக்குப்பிள்ளைகளே இப்பொழுது அகதிப் பெண்களைத் தேடிக்கொண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வராதிருக்க வேண்டுமே என்பதே நமது கவலை.

அப்படியானால் எந்தப் பயிற்சிதான் வேண்டும் என்று கேட்கலாம். சொல்லுகின்றோம்.

காபூலில் ஷபானா பாசிஜ்-ரஸீக் என்ற அம்மாள் பெண்களுக்காகத் தலைமைப் பள்ளி ஒன்று நடத்தி வந்தார். 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் வந்தவுடன் அவர் செய்த முதற்காரியம், மாணவிகளின் பெயர், விலாசம் எழுதியிருந்த ரிக்கார்டுகளையெல்லாம் நெருப்பிலிட்டுக் கொளுத்தியது. பெண்களின் படிப்பை அழிப்பதற்கல்ல. அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் காப்பதற்காகக் கொளுத்தினார். பிறகு மாணவிகளும், உபாத்தியாயர்களும், குடும்பத்தாருமாகச் சுமார் 250 பேரை அழைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் ருவாண்டா தேசத்திற்குப் போய் அங்கே பள்ளிக்கூடத்தை மறுபடியும் திறந்தார். ஜாஹ்ரா ஜோயா என்ற அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாலிபான் ஆட்சியில் சிறுமியாக இருந்தபொழுது ஆண்பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு முகம்மது என்ற பெயரால் பள்ளிக்கூடம் போனவர் அவர். 2020-ல் ருக்ஷானா என்ற செய்தி ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, பிறகு லண்டனில் அகதியாக இருந்துகொண்டே, உள்ளே இருக்கும் பெண் நிருபர்கள் மறைவாக எழுதியனுப்பும் செய்திகளை உலகத்துக்குக் கொடுத்து வந்திருக்கின்றார். இவர்களே உபாத்தியாயராக இருந்து நடத்துகின்ற வகுப்பு வேண்டும். தன் பள்ளியின் ரிக்கார்டைத் தானே கொளுத்தி அறியாதவர், இரகசியத்தைக் காப்பது எப்படி என்று ஆப்கன் பெண்ணுக்கு என்ன பாடம் சொல்ல முடியும்?

அடுத்தபடியாக, சட்டப் பயிற்சி வேண்டும். கூச்சத்தைப் போக்கும் பயிற்சியைவிட இது நூறு மடங்கு பிரயோஜனம். ஏனெனில், இப்பொழுது யுத்தம் கோர்ட்டுகளில் நடைபெறுகின்றது. பெண்களுக்கு விரோதமான பேதங்களையெல்லாம் ஒழிப்பதாகச் சர்வதேச உடன்படிக்கையில் ஆப்கானிஸ்தானம் 2003-ம் வருஷமே கையெழுத்து உறுதி செய்திருக்கின்றது. அதை வைத்து ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு சர்க்கார்களும் 2024 செப்டம்பரில் சர்வதேச நீதிமன்றத்திற்குப் போவதற்கு நடவடிக்கை ஆரம்பிப்பதாக அறிவித்தன. அதே வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், ஒருத்தி ஆப்கன் தேசத்தவள், பெண் என்ற இரண்டு சங்கதிகளே அகதி அந்தஸ்துக்குப் போதும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2025 ஜூலை 8-ந் தேதி சர்வதேசக் குற்ற நீதிமன்றம், தாலிபான் தலைவரான ஹைபதுல்லா அகுந்த்ஜாதா மீதும், அவர்களுடைய தலைமை நீதிபதி மீதும், பெண்களைப் பெண்களென்ற காரணத்திற்காகக் கொடுமை செய்ததாகக் கைது வாரண்டு பிறப்பித்தது. இந்த வழக்குகளுக்குச் சாட்சி வேண்டும். எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த உத்தரவால், யார் அடிபட்டார்கள் என்பதை வக்கீல் மறுக்க முடியாதபடி குறித்து வைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தான் ஜட்ஜாக இருந்த அம்மாளுக்கு, தான் குடியேறிய தேசத்தில் சட்டப் பட்டம் செல்லாது. அதைச் செல்லும்படி செய்வதற்குப் பாஷையும் பரீட்சையும் பணமும் வேண்டும். இவைகளுக்குப் பணம் கொடுக்கட்டும், வேண்டாமென்பார் யார்? வாரக் கடைசியில் ஓட்டலில் கூட்டி வைத்து, "உங்களுக்குள் இருக்கும் தலைவியைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லி அனுப்புவதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அகதிப் பெண்களின் சங்கங்களிடத்திலும் ஒரு வார்த்தை. இந்த வகுப்புகளுக்கு யார் அழைக்கப்படுகின்றார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் இங்கிலீஷ் தெரிந்த, காபூல் நகரத்துப் படித்த வகுப்புப் பெண்களே. எழுதப் படிக்கத் தெரியாமல் நான்கு குழந்தைகளோடு ஜெர்மனியில் ஒரு அகதி விடுதியில் இருப்பவளை எந்தத் தலைமை வகுப்பு தேடிப் போகின்றது? அவள் வகுப்புக்கு வந்தாலும் குழந்தையை யார் பார்த்துக் கொள்ளுவது? புருஷன் விடுவானா? தேசம் மாறியதால் ஆண்பிள்ளைகளின் புத்தி மாறிவிடுவதில்லை. எல்லையைத் தாண்டும்பொழுது சுங்கக்காரர் அதைச் சோதித்துப் பிடுங்கிக் கொள்ளுவதுமில்லை. தாலிபானை வாய் கிழியத் திட்டிவிட்டு, வீட்டிற்கு வந்து மகள் சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்கின்ற அகதியும் இருக்கின்றான். சமத்துவம் பேசுகின்றவர்கள் அவன் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். பஷ்டூன், ஹஸாரா, தாஜிக், உஸ்பெக் என்ற பிரிவினைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, சங்கத்துக்குச் சங்கம் பிரிந்து நிற்பதும் தாலிபான்களுக்கே லாபம்.

இனி மதத்தைப் பற்றி. பெண்ணை அடைத்து வைப்பது தங்கள் மதம் என்று தாலிபான்கள் சொல்லுகின்றார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கக்கூடாது; 2022 டிசம்பர் முதல் காலேஜுக்குப் போகக்கூடாது; தர்ம ஸ்தாபனங்களில் வேலை செய்யக்கூடாது; 2024 ஆகஸ்டில் செய்த சட்டப்படி வெளியிடத்தில் பெண்ணின் குரல்கூடக் கேட்கக்கூடாது. 2024 டிசம்பரில் மருத்துவச்சி வேலைக்குப் படிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். சில மாகாணங்களில் ஆண் வைத்தியர் பெண்ணுக்கு வைத்தியம் செய்யக்கூடாது. பெண் வைத்தியம் படிக்கக்கூடாது. பிறகு பிரசவ வேதனைப்படுகின்றவளை யார் பார்ப்பது? கடவுளே பார்க்க வேண்டியதுதான் போலும்! கெய்ரோவில் இருக்கும் அல்-அஸ்ஹர் கலாசாலையின் தலைமை இமாமே, 2022 டிசம்பரில், காலேஜுத் தடை இஸ்லாத்திற்கு விரோதமென்று கண்டித்தார். எகிப்திலும், துருக்கியிலும், இந்தோனேசியாவிலும், பக்கத்து ஈரானிலும் பாகிஸ்தானத்திலும் பெண்கள் காலேஜுக்குப் போகின்றார்கள். தாலிபான் பெரியவர்கள் சிலர் தங்கள் சொந்தப் பெண்களை வெளிநாட்டில் படிக்க வைத்திருப்பதாகவும் செய்திகள் வந்தன. ஆகவே, இது மதம் அல்ல, அதிகாரம். மதம் அதற்குப் போட்ட போர்வை. காபூலில் பெண்கள் இலாகா இருந்த கட்டிடத்தின் பெயர்ப் பலகையை 2021 செப்டம்பரில் கழற்றிவிட்டு, அதே கட்டிடத்தில் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் இலாகா என்று பலகை மாட்டினார்களே, அந்த ஒன்றே போதும். இதைப் படிக்கும் நம் நாட்டு வைதிகர்கள் முகமதியரைப் பார்த்துச் சிரிக்கக் கிளம்ப வேண்டாம். பெண்ணுக்குச் சுதந்திரமே கூடாதென்று எழுதி வைத்த மனு எந்த மதத்துக்காரர் என்று நமக்குத் தெரியும்.

பணம் கொடுக்கின்றவன் கையில் கயிறு இருக்கின்றது என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்கப் பணத்தில் ஓமான் தேசத்தில் படித்துக் கொண்டிருந்த எண்பதுக்கு மேற்பட்ட ஆப்கன் பெண்களுக்கு, 2025-ம் வருஷ ஆரம்பத்தில் அமெரிக்க சர்க்கார் தன் அன்னிய உதவியை வெட்டியவுடன் உபகாரச் சம்பளம் நின்றது. ஊருக்குத் திரும்பத் தயாராகுங்கள் என்று சொல்லப்பட்டது. ஊர் என்றால் எது? தாலிபானுடைய ஊர்! பாகிஸ்தானம் 2023-ன் கடைசியிலிருந்து அகதிகளைக் கூட்டங்கூட்டமாக வெளியே தள்ளி வருகின்றது. அமெரிக்கா 2025 ஜனவரியில் அகதிகளைச் சேர்க்கும் ஏற்பாட்டையே நிறுத்தி வைத்தது. ஒரு கையால் தலைவியாகு என்று வகுப்பு நடத்துவதும், மறு கையால் அவளுடைய தங்கையை எல்லையில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதும் எந்த நாட்டுத் தர்மமோ தெரியவில்லை. திருப்பி அனுப்பப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, காபூலிலேயே தங்கிவிட்ட முன்னாள் பார்லிமெண்டு மெம்பர் முர்சல் நபிசாதா அம்மாள் 2023 ஜனவரியில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொன்னால் போதும்.

நமது தேசமும் இதில் கை கழுவிக் கொள்ள முடியாது. டில்லியில் லஜபதி நகர் பக்கத்தில் ஆப்கன் அகதிகள் நெடுங்காலமாகக் குடியிருக்கின்றார்கள். 1951-ம் வருஷத்திய அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆதலால் அவர்களில் ஒரு பெண் எவ்வளவு பெரிய தலைவியானாலும் இங்கே சட்டத்தில் அவளுக்கு அகதி என்ற ஸ்தானம் இல்லை. இந்த லட்சணத்தில், 2025-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி தாலிபான்களின் அன்னிய நாட்டு மந்திரி முத்தகீ புது டில்லிக்கு வந்து பத்திரிகை நிருபர்களைக் கூட்டிப் பேசியபொழுது, ஒரு பெண் நிருபரைக்கூட உள்ளே விடவில்லை. இந்திய சர்க்கார் தங்களுக்கும் அந்தக் கூட்டத்திற்கும் சம்பந்தமில்லை என்றது. பெண் நிருபர்கள் சும்மா இருக்கவில்லை, கூச்சல் போட்டார்கள், ஆண் நிருபர்களிலும் பலர் கண்டித்தார்கள். இரண்டே நாளில், 12-ந் தேதி, அதே மந்திரி மறுபடியும் கூட்டம் போட்டார். பெண் நிருபர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து, பெண்களின் படிப்பைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். இரண்டு நாள் கூச்சலுக்குப் பணிந்தவரை, இரண்டு வருஷம் மூன்று வருஷமாகத் தோஹாவில் தாங்கிக் கொண்டிருந்தவர்கள் எதற்காகப் பயந்தார்கள்?

2024 செப்டம்பரில் ஆல்பேனியா தேசத்துத் திரானா நகரத்தில் ஆப்கன் பெண்கள் தாங்களே ஒரு மகாநாடு கூட்டினார்கள். பல தேசங்களிலிருந்தும், நாட்டுக்குள்ளிருந்தும், 130-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். தோஹாவில் தங்களுக்குக் கதவடைத்தவர்களுக்குப் பதிலாக அதை நடத்தினார்கள். அவர்களும், ஈரானியப் பெண்களும் சேர்ந்து 2023 முதல் கேட்டு வருவது ஒன்று உண்டு. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்து ஆளுவதைச் சர்வதேசக் குற்றமென்று சட்டம் சொல்லுவதுபோல், பெண்ணென்று பிரித்து ஆளுவதையும் குற்றமென்று சட்டத்தில் எழுத வேண்டுமென்பதே அது. மனித சமூகத்துக்கு விரோதமான குற்றங்களைப் பற்றிய புதிய உடன்படிக்கையை எழுதி முடிக்க 2028, 2029-ம் வருஷங்களில் மகாநாடு கூடுவதென்று ஐக்கிய நாடுகள் சபை 2024 டிசம்பரில் தீர்மானித்திருக்கின்றது. அந்த உடன்படிக்கையில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பதா இல்லையா என்பதை, அங்கே தேசப் பிரதிநிதிகளாக உட்காருகின்றவர்கள் முடிவு செய்வார்கள். ஆப்கன் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிக்கப் பணம் ஒதுக்கியிருக்கின்ற சர்க்கார்களில் எத்தனை சர்க்கார்கள், அந்த மகாநாட்டிற்குத் தாங்கள் அனுப்பும் பிரதிநிதிக் கூட்டத்தில் ஆப்கானிஸ்தானத்து ஜட்ஜு ஒருவரையோ, வக்கீல் ஒருவரையோ சேர்த்து அனுப்பப் போகின்றன என்பதை இப்பொழுதே வெளியிடும்படி கேட்கின்றோம்.